தாண்டவன் மரத்துக்கு ஒரு சொம்பு தண்ணி

ஒரு ஊர்ல ஒரு மொட்டை ரோடு இருந்துச்சாம். ஊர்லேர்ந்து ரயிலடிக்குக் கூப்பிடு தூரந்தான், ஆனா ஒரு கைப்புடி நெழல் கிடையாது. ம் சொல்லு கண்ணு.

"ம்."

அப்போ கடலுக்கு அந்தாண்ட எங்கியோ பெரிய சண்டை. ஊர்லேர்ந்து பன்னெண்டு பேரு பட்டாளத்துக்குப் போனாங்க. ஊரப் பாத்துக்கிற மணியக்காரரு சொன்னாரு, "போறவன் பேருக்கு ஆளுக்கொரு புங்கங்கன்னு ரோட்டோரம் வைப்போம். திரும்பி வர்றப்ப அவன் நெழல்ல நடந்து வரட்டும்."

வெச்சாங்க. ஆனா பதினோரு கன்னுதான். தாண்டவனுக்கு மட்டும் வெக்கல. ஏன்னா அவன் துப்பாக்கி புடிக்கப் போகல. முதுகுல தோல் பையக் கட்டிக்கிட்டு, சண்டை போடறவங்களுக்குத் தண்ணி குடுக்கிற வேலை.

அவன் பொண்டாட்டி கன்னியம்மா போய்க் கேட்டா, "ஐயா, எங்க வூட்டுக்காரருக்கும் ஒரு கன்னு..."

"தண்ணி தூக்கறவனுக்கெல்லாம் மரமா? அப்புறம் குதிரைக்குப் புல்லு போடறவன் பொண்டாட்டியும் வந்து நிப்பா!"ன்னு சிரிச்சாரு.

அவ நேராப் போயி, வரிசை முடியற எடத்துல, ரயிலடிக்கிட்ட, தானே ஒரு கன்னு வெச்சா. ஆடு வந்து கறுக் கறுக்னு தின்னுட்டுது. அப்புறம் ரெண்டாவது வெச்சு, சுத்தி முள்ளு கட்டினா. மணியக்காரரு வண்டி கடகடன்னு வந்து ஏறி, படக்! அப்புறம் மூணாவது வெச்சா. அது நின்னுச்சு. ஆனா மழை நின்னுபோச்சு.

கெணறெல்லாம் வத்திப் போச்சு. ஏரிக்கு நடுவுல ஒரே ஒரு ஊத்து. குடம் நெறைய அரை நாளு. குடிக்கவே இல்லாதப்போ கன்ன யாரு பாப்பா? கன்னியம்மாதான் குடத்த இடுப்புல வெச்சுக்கிட்டு வந்தா. மொதக் கன்னுக்கு சளக். ரெண்டாங்கன்னுக்கு சளக்.

பக்கத்து வூட்டுப் பட்டம்மா கத்துனா, "ஏண்டி, பைத்தியமா ஒனக்கு? ஒம்புருசன் கன்னு காயுது, ஊரான் கன்னுக்கு ஊத்திக்கினு போற!"

"அவரு அங்க யாரு எவருன்னு பாத்தா ஊத்தறாரு? நான் மட்டும் பாக்கறதாக்கா?"

கடைசிக் கன்னுக்குக் குடத்து அடித் தண்ணிதான். சொட்... சொட்... தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

அப்போ ஒரு நாளு கடுதாசி வந்துச்சு. தாண்டவன் இனிமே வரமாட்டான்னு. கன்னியம்மா அன்னிக்கும் குடத்த எடுத்துக்கிட்டுதான் போனா.

அப்புறம் சண்டை முடிஞ்சு, புஸ்ஸ்ஸுன்னு ரயிலு வந்து நின்னுச்சு. பன்னெண்டு பேர்ல எட்டுப் பேருதான் எறங்குனாங்க. டம் டம்முன்னு மேளம். பதினோரு கன்னும் ஆள் ஒசரம் வந்துட்டுது.

"வாங்கப்பா, அவங்கவங்க மரத்தாண்ட நில்லுங்க, மாலை போடறேன்"னாரு மணியக்காரரு.

எட்டுப் பேர்ல ஏகாம்பரம்னு ஒருத்தரு. ஒரு காலு இல்ல. கட்டைய ஊணிக்கிட்டு டொக் டொக்குன்னு முன்னாடி வந்தாரு. "தாண்டவன் மரம் எது?"

"அவன் சண்டை போடலியேப்பா..."

"ஐயா, கால்ல குண்டு பட்டு ரெண்டு நாளு வெயில்ல கெடந்தேன். அப்போ துப்பாக்கியவா குடிச்சேன்? குண்டு பறக்கிறப்ப தவழ்ந்து வந்து என் வாயில தண்ணி ஊத்துனான். அடுத்தவன்கிட்டத் தவழ்ந்தான். அங்கியே சாஞ்சுட்டான்."

கன்னியம்மா வெரலை நீட்டுனா. முட்டி ஒசரத்துக்கு ஒரு கன்னு, நாலே நாலு எலையோட.

ஏகாம்பரம் தோள்ல தொங்கின தண்ணிக் குப்பியத் தெறந்து, ஒத்தக் கால்ல குனிஞ்சு ஊத்துனாரு. அப்புறம் இன்னொருத்தரு. அப்புறம் இன்னொருத்தரு. எட்டுப் பேரும். மேளம் தானா நின்னுபோச்சு. சளக்... சளக்... அந்தச் சத்தம் மட்டுந்தான். கடைசியில மணியக்காரரு தலைப்பாகையக் கழட்டிட்டு, ரயிலடிப் பானையில ஒரு சொம்பு மொண்டுக்கிட்டு வந்தாரு.

இப்போ அந்தப் பன்னெண்டு மரமும் ரோட்டுக்கு மேல கை கோத்துக்கிட்டு நிக்குது. நிமுந்து பாத்தா வானம் தெரியாது.

"நம்ம ரோடாம்மா?"

நம்ம ரோடுதான். பட்டாளத்துக்குப் போற யாரும் கடைசி மரத்துக்குத் தண்ணி ஊத்தாம ரயிலு ஏற மாட்டாங்க. வூட்லயே சின்னவங்கதான் சொம்பு தூக்கணும். காலையில அப்பா போறாரு இல்ல?

"நான் ஊத்துனா அப்பா வந்துடுவாரா?"

...அப்பாவுக்குத் தாகம் எடுக்கிறப்ப, தண்ணி குடுக்க ஒருத்தரு இருப்பாரு கண்ணு.

"ம்."

சிந்தாம தூக்கணும், என்ன? கதை மரத்து மேல ஏறிப் படுத்துக்கிச்சு. நீயும் கண்ண மூடு.