அரிசி அறை

"காவி எப்போ தருவீங்க?" என்று கேட்டார் குலசேகரன்.

பூங்கோதை அம்மா எதிரே நின்ற இரும்பு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் குரு. வயது நாற்பது.

சீடருக்கு அறுபது நெருங்குகிறது.

குளிர்தேசம் அது. அங்கிருந்த தமிழ்ச் சங்கத்தார் அம்மாவைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேச்சு முடிந்து ஒரு பகல் மிச்சம். சுற்றிப் பாருங்கள் என்று இந்த நவீன கலை அருங்காட்சியகத்தின் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். பெட்டி தூக்குகிறேன் என்று கூடவே வந்த குலசேகரன், பெட்டியோடு இந்தக் கேள்வியையும் விமானம் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

தோட்டத்தின் நடுவே அந்த மரம். தண்டு, கிளை, இலை எல்லாம் இரும்பு. பளபளவென்று நின்றது.

"உதிராது. காயாது. இப்படி ஆயிட்டா போதும்மா."

"குருவி உட்காருதான்னு பாருங்க."

பார்த்தார். பக்கத்துப் புதரில் குருவிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"பேச்சை மாத்தாதீங்க."

"சரி. காவி வாங்குறவன் முதல்ல என்ன செய்யணும்?"

"தனக்குத் தானே கருமாதி பண்ணிக்கணும். அதான் தயாரா நிக்கிறேனே. பையன் போனதிலேர்ந்து நானும் போனவன்தான். ஒரு பருக்கை சோறு தொட்டதில்லை."

"நேத்து சங்கத்துல ரொட்டியை ஒரு கை பார்த்தீங்களே."

"ரொட்டி சோறாகுமா?"

அம்மா சிரித்தார். பிறகு கேட்டார்.

"மரகதம் என்ன சொல்றாங்க?"

மரகதம் அவர் மனைவி.

"ஒண்ணும் சொல்றதில்லை. மத்தியானமானா ரெண்டு தட்டு வைக்கிறா. எனக்கு வச்சதை அப்படியே எடுத்துட்டுப் போயிடுறா. அவளும் கொறிச்சுட்டு எழுந்துடுறா. நான் ஒரேயடியாக் கிளம்பிட்டா அவளுக்கும் நிம்மதி."

"அவங்க சொன்னாங்களா?"

"நானா நினைச்சுக்கிட்டேன்."

"ஏன் சோறு மட்டும்?"

இதை இத்தனை நாளில் அம்மா கேட்டதில்லை. குலசேகரன் மரத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"சுடுகாட்டுல என் பையன் இளவழகனுக்கு வாய்க்கரிசி போட்டேன். போட்டுட்டு நகருங்க, நகருங்கன்னாங்க. நான் நகரலை. மெல்லுவானான்னு பார்த்துக்கிட்டே நின்னேன்."

அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"மெல்லலைம்மா."

தூறல் விழுந்தது. உள்ளே போனார்கள்.

முதல் அறையில் உடைந்த நாற்காலிகள். அடுத்ததில் ஒரு விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. "இதுக்கா டிக்கெட்டு?" என்று முனகிக்கொண்டே நடந்தார் குலசேகரன்.

மூன்றாவது அறை வாசலில் அவர் கால் நின்றுவிட்டது.

வெள்ளைச் சுவர்கள். தரை முழுக்க அரிசி. பச்சரிசி. கணுக்கால் புதையும் ஆழம்.

வெள்ளைக்காரர்கள் வெறுங்காலோடு அதில் நடந்தார்கள். ஒருத்தி காலால் அளைந்து சிரித்தாள். ஒருவர் மல்லாந்து கிடந்தார்.

"அரிசிம்மா."

"ஆமா."

"மிதிக்கிறாங்கம்மா."

"மிதிக்கத்தான் கொட்டியிருக்காங்களாம். எழுதிப் போட்டிருக்கு."

காவலுக்கு நின்ற பெண் அவர் ஷூவைக் காட்டி, கழற்றிவிட்டு உள்ளே போகலாம் என்று சைகை செய்தாள். அவர் பெரிதாக ஒரு கும்பிடு போட்டு மறுத்தார்.

அம்மா ஷூவைக் கழற்றினார். காலுறையைக் கழற்றினார். அரிசிக்குள் இறங்கினார்.

நறநறவென்று நடந்தார்.

சிந்திய ஒரு மணி அரிசியைக்கூடப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர் இந்த அம்மா. குலசேகரனே பார்த்திருக்கிறார்.

"அம்மா! அன்னத்தை மிதிக்கிறீங்களே! நீங்களா!"

அறையே திரும்பிப் பார்த்தது.

"நீங்கதான் இதை வேண்டாம்னுட்டீங்களே," என்றார் அம்மா.

"வேண்டாம்னேன். மிதிக்கலையே! பாவம்மா, வெளியே வாங்க! ஐயோ, வெளியே வாங்க!"

அம்மா குனிந்தார். ஒரு பிடி அள்ளினார். நேரே அவரிடம் வந்தார்.

கத்திக்கொண்டிருந்த வாயில் அதைப் போட்டார். சுடுகாட்டில் போடுவது போல, மெதுவாக.

குலசேகரன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

உயிரோடு இருக்கிறவன் வாயில் வாய்க்கரிசி. பகையாளிகூடச் செய்ய மாட்டான். கை தானாக ஓங்கியது. பாதியில் நின்றது.

துப்பலாம். காலடியில் அரிசி, அதன் மேலா எச்சில்?

விழுங்கலாம். பச்சை அரிசி, இறங்கவில்லை.

கண்ணில் தண்ணீர் கொட்டியது.

காவல்காரப் பெண் பதறி ஓடிவந்தாள். அவர் வாயைக் காட்டி ஏதோ கேட்டாள். மறுபடியும் கேட்டாள், இன்னும் சத்தமாக.

குலசேகரன் அம்மாவைப் பார்த்தார்.

"என்ன பண்றீங்கன்னு கேக்கிறா," என்றார் அம்மா.

"மெல்றேன்னு சொல்லுங்க!" என்றார் வாய் நிறைந்த ஆத்திரத்தோடு.

சொன்ன பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது.

தாடை அசைந்துகொண்டே இருந்தது.