பந்து எடுக்கப் போனவன்

எங்கள் கரையில் வலைக்குப் பஞ்சம் கிடையாது. முற்றத்தில் வலை, கூரைமேல் வலை, கோழி கிளறாமல் இருக்கக் கீரைப்பாத்தியைச் சுற்றியும் வலை. ஆனால் கடற்கரையில் நிற்கிற கோல் கம்பங்களில் மட்டும் வலை இல்லை. வெளியூர்க்காரன் எவன் வந்தாலும் முதலில் இதைத்தான் கேட்பான். பதில் சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலித்துவிட்டது. போய்க் கஸ்பார் ஆசானிடம் கேள் என்று அனுப்பிவிடுவோம்.

கஸ்பார் ஆசான் இந்தக் கரையில் அப்பனுக்கும் மகனுக்கும் பந்து உதைக்கக் கற்றுக்கொடுத்தவர். வலை ஏன் இல்லை என்று கேட்டால், "விளையாடிப் பாரு" என்பார். அதற்குமேல் அவர் வாயைத் திறக்க வைக்க யாராலும் முடியாது.

வலை இல்லாததால் இங்கே ஒரு சட்டம் உண்டு. கோல் அடித்தவன்தான் பந்தை எடுத்துவர வேண்டும். ஒரு கோலுக்குப் பின்னால் தென்னந்தோப்பும் முள்வேலியும். இன்னொரு கோலுக்குப் பின்னால் கடல். கோல் அடித்துவிட்டுக் கையை விரித்துக்கொண்டு ஓடுகிற சோலியெல்லாம் இங்கே நடக்காது. நீ ஓடிக்கொண்டிருந்தால் பந்து மாலத்தீவுக்குப் போய்விடும்.

பனிதாசன் இந்த மணலில் பழகியவன்தான். மீசை அரும்புகிற வயதில் கொல்கத்தாவுக்குப் பந்து விளையாடப் போனான். முன்னால் நின்று கோல் அடிக்கிற ஆள். அப்படிப்பட்ட ஆளை எல்லா டீமும் கேட்கும். ஒரு வருஷம் நாலு ஆட்டத்தில் அடிக்கவில்லை என்றால் அதே டீம் பெட்டியைக் கட்டச் சொல்லும். கொல்கத்தாவிலிருந்து கோவா, கோவாவிலிருந்து பஞ்சாப், அப்புறம் மும்பை, மலப்புறம், மறுபடியும் கோவாவில் வேறொரு டீம். மனைவி அஜிதா இரண்டு ஊர் கூடவே போய்ப் பார்த்தாள். மூன்றாவது ஊருக்கு நான் வரவில்லை, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் போடணும் என்று கரையிலேயே இருந்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

பந்து விளையாடுகிறவர்களிடம் ஒரு மரியாதை உண்டு. நேற்று சோறு போட்ட டீமுக்கு எதிராக இன்றைக்குக் கோல் அடித்தால் கொண்டாடக் கூடாது. குதிக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது. அந்த டீமின் ஆட்கள் உட்கார்ந்திருக்கிற பக்கமாகத் திரும்பிக் கைகூப்பி நிற்க வேண்டும். பத்து வருஷம் ஒரே டீமில் இருந்தவனுக்கு இது வாழ்க்கையில் எப்போதாவது வரும். பனிதாசன் எங்கே போய் நின்றாலும் எதிரில் நிற்பது அவனுடைய பழைய டீம். அடிப்பான், திரும்புவான், கும்பிடுவான். கடைசி ஐந்தாறு வருஷம் அவன் சிரித்து ஒரு கோலும் அடிக்கவில்லை. ஒருதடவை அஜிதாவிடம் போனில் சொன்னானாம், யாரையும் கும்பிடாமல் ஒரே ஒரு கோல் அடித்தால் போதும் என்று.

போன மழைக்காலத்தில் நடந்தது அதற்கு நேர்மாறு. வடக்கே ஏதோ ஓர் ஊரில் ஆட்டம். மழை கொட்டுகிறது. பனிதாசன் தலையால் முட்டிய பந்து உள்ளே போனது. அருமையான கோல். கூட ஆடுகிறவர்கள் கட்டிப்பிடிக்க ஓடிவருகிறார்கள். இவனோ எதிர் டீமின் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, தலையைக் குனிந்து, இரண்டு கையையும் கூப்பி நின்றுவிட்டான்.

அந்த டீம் போன வருஷம்தான் ஆரம்பித்த டீம். அதில் இவன் ஒருநாளும் ஆடியதில்லை.

கூட்டத்துக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அரங்கமே சிரித்தது. ஓடிவந்தவர்கள் பாதியில் நின்றுவிட்டார்கள். கோச் அவனை வெளியே கூப்பிட்டு உட்கார வைத்தார். மறுநாள் அந்த வீடியோ ஊர் உலகமெல்லாம் சுற்றியது. எங்கள் கரை வாட்ஸ்அப்பிலும் வந்தது. முதலில் அனுப்பியவன் அவனுடைய சொந்த மச்சான். இந்த ஊரைப் பற்றி வேறென்ன சொல்ல.

அத்தோடு அவனுடைய டீமும் அவனை விட்டுவிட்டது. முட்டியில் வீக்கத்தோடு வீட்டுக்கு வந்தான். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் காலில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தான். கடற்கரைப் பக்கம் தலைகாட்டவில்லை.

அப்போதுதான் வடகிழக்கே மலைநாட்டு டீம் ஒன்றிலிருந்து போன் வந்தது. பேசியவர் மலையாளி மேனேஜர், தமிழும் கலந்து பேசினார். ஒரு வருஷத்துக்கு வா, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல் என்றார்.

போகாவிட்டால், ஊரே சிரித்த அந்தக் கோல்தான் அவனுடைய கடைசிக் கோல். போனால் இன்னொரு வாடகை அறை, பந்தைக் கொடு என்று கேட்க இன்னொரு பாஷை, நாளைக்குக் கும்பிட இன்னொரு கூட்டம். அஜிதாவிடம் கேட்டான். நீ போனாலும் சரி, இருந்தாலும் சரி, பெட்டியை மட்டும் என்னை அடுக்கச் சொல்லாதே என்றுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. மத்தியானம் தாண்டியதும் பனிதாசன் ஆசானைத் தேடிப் போனான். கரையில் ஏற்றிப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் நிழலில் அவர் உட்கார்ந்திருந்தார். முன்னால் மணலில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. மீன்மேல் ஒரு வெள்ளை வலை விரித்திருந்தது.

பனிதாசன் அந்த வலையைப் பார்த்தான். கட்டம் கட்டமான, தடித்த நைலான் வலை. கோவாவில் முதல் சம்பளம் வாங்கியதும் அவன் கடைகடையாக அலைந்து வாங்கி, ஊர்க் கோல் கம்பத்தில் கட்டச் சொல்லி அனுப்பிய வலை. அவனுக்கு மனசு விட்டுப்போனது.

"ஆசானே, இது நான் அனுப்பின வலை."

"ஆமா மக்கா. நல்ல வலை. காக்கா கிட்ட வரமாட்டேங்கு."

அவன் மணலில் உட்கார்ந்தான். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னான். மழையில் நின்றது, கும்பிட்டது, கூட்டம் சிரித்தது, மலைநாட்டுக்காரர் கூப்பிட்டது எல்லாம். ஆசான் வீடியோவை ஏற்கெனவே பார்த்திருந்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"இத்தனை ஊருக்கு ஆடியாச்சு ஆசானே. போன இடத்துல எல்லாம் ஒண்ணு நான் புது ஆளு, இல்லேன்னா பழைய ஆளு. ஒரு இடத்துலயாவது அவங்க ஆளா இருந்தேனான்னு தெரியல. இதோட நிறுத்திரவா, இன்னும் ஒரு வருஷம் போகவா?"

ஆசான் ஒரு காக்கையை விரட்டினார்.

"அந்த கோல் விழுந்த பிறகு, பந்தை யாரு எடுத்தா?"

"பந்தையா? கவனிக்கல. அவங்க கோலி எடுத்திருப்பான்."

"நடுவுல கொண்டு வச்சது யாரு?"

"அதுவும் தெரியல."

"நீ என்ன செய்தே?"

"நான் கும்பிட்டுட்டு நின்னேன்."

ஆசான் சரி என்று தலையை ஆட்டினார். மீன்மேல் கிடந்த வலையை இழுத்துச் சரிசெய்தார். இதற்கா இவ்வளவு தூரம் நடந்து வந்தோம் என்று பனிதாசனுக்குக் கோபமே வந்தது.

வெயில் தாழ்ந்ததும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ஆட்கள் வந்துசேர்ந்தார்கள். வலை இழுத்துத் தோள் தடித்தவர்கள், வயிறு முன்னால் வந்தவர்கள், நரைத்தவர்கள். சட்டை போட்டவன் ஒரு கட்சி, சட்டை இல்லாதவன் ஒரு கட்சி. எங்களுக்கு அதற்குமேல் யூனிஃபார்ம் தெரியாது.

ஆசான் பனிதாசனைப் பார்த்து, "இறங்கு" என்றார்.

முட்டி வீங்கியிருக்கிறது என்றான். இங்கே யாருக்குத்தான் வீங்கவில்லை என்றார் அவர். எந்தக் கட்சியில் இறங்க என்று கேட்டான். ஆசானுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை சட்டை போட்டவன்தானே, இன்றைக்குக் கழற்றிவிட்டு ஆடு என்றார். போனை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. எங்கள் பயல்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பனிதாசன் பந்தைத் தொடும்போதெல்லாம் ஒருவன் மாற்றி ஒருவன் அவனைப் பார்த்துக் கைகூப்பிக் காட்டினான். சொந்தக் கட்சிக்காரனும் காட்டினான். பனிதாசன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓடினான். மணல் காலை இழுத்தது. மூச்சு வாங்கியது. அரங்கத்தில் ஓடிய கால், ஊர் மணலில் திணறியது.

சட்டை போட்ட கட்சிக்குக் கோலியாக நின்றவர் பெரிய வள்ளக்காரர் ததேயு. ஆள் நின்றாலே பாதிக் கோல் அடைபடும். பொழுது இறங்குகிற நேரத்தில் பந்து ஒன்று பனிதாசனின் இடதுகாலுக்கு வந்தது. யோசிக்கவில்லை, அடித்தான். ததேயுவின் காதோரமாகப் போய், கம்பங்களுக்கு நடுவே புகுந்து, கரையைத் தாண்டிக் கடலில் விழுந்தது.

விழுந்த மறுகணம் பனிதாசன் திரும்பிவிட்டான். தலை குனிந்தது, கை தானாகக் குவிந்தது. பழக்கம்.

கூப்பிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. சிரிக்கப் போகிறார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

யாரும் சிரிக்கவில்லை. இதுவரைக்கும் கும்பிட்டுக் காட்டியவர்களில் ஒருவன்கூட அவன் கையைப் பார்க்கவில்லை. எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ததேயு மணலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"லே பனி, பந்து போவுது."

அவன் ஓடினான். அலை பந்தை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. முழங்காலளவு, இடுப்பளவு, அப்புறம் நீந்தினான். கைக்கு எட்டும்போது பந்து நழுவியது. மறுபடியும் எட்டினான், மறுபடியும் நழுவியது. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. இந்த வயதில் இது தேவையா என்று வைதுகொண்டே நீந்தினான். அப்புறம் ஓர் அலை புரண்டு வந்து, பந்தை அவன் நெஞ்சில் கொண்டு சேர்த்தது. அதை இறுகக் கட்டிக்கொண்டு கரைப்பக்கம் திரும்பினான்.

கரையில் எல்லோரும் நின்றிருந்தார்கள். வெயில் கண்ணில் அடித்ததால் நெற்றியில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் எவன் சட்டை போட்டவன், எவன் போடாதவன் என்று தெரியவில்லை. சொந்தக் கட்சியும் எதிர்க்கட்சியும் கலந்து நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. அவன் வராமல் அங்கே ஒன்றும் நடக்காது.

பனிதாசன் தண்ணீரிலேயே கொஞ்சநேரம் நின்றான். அவனுக்கு அழுகை வந்தது. முகமெல்லாம் கடல்தண்ணீர், யாருக்கும் தெரியாது.

தண்ணீர் சொட்டச் சொட்டக் கரையேறினான். நொண்டினான். ஆசான் வள்ளத்தின் நிழலிலிருந்து எழுந்து வந்து எதிரில் நின்றார்.

"போன் வந்திச்சு."

"மேனேஜரா? என்ன சொன்னீங்க?"

"கோல் அடிச்சிருக்கான், பந்து எடுக்கப் போயிருக்கான்னு சொன்னேன்."

"அவரு?"

"நீ வருவியா, மாட்டியான்னு கேட்டாரு."

சொல்லி முடிப்பதற்குள் போன் மறுபடியும் அடித்தது. ஆசான் அதை நீட்டினார். பனிதாசனின் இரண்டு கையிலும் பந்து இருந்தது. போனைப் பார்த்தான், ஆசானைப் பார்த்தான்.

"நான் என்ன சொல்லட்டும் ஆசானே?"

ஆசான் மைதானத்தைக் கைகாட்டினார். சட்டை போட்டவர்களும் போடாதவர்களும் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்கள்.

"நீ வருவியா, மாட்டியான்னுதான் இவனுவளும் கேட்டுட்டு நிக்கானுவ. முதல்ல இவனுவளுக்குப் பதில் சொல்லு."