கோட்டை விடாத பரீட்சை

கொன்றையூர் ராஜா கஜேந்திரருக்கு அன்று தலைகால் புரியவில்லை. நாட்டில் பரீட்சை எழுதிய பிள்ளைகள் அத்தனை பேரும் பாஸ்! அதுவும் நூற்றுக்கு நூறு!

"பார்த்தாயா மிளகுப்பிள்ளை? என் நாட்டில் மக்கே கிடையாது!"

மிளகுப்பிள்ளை ராஜாவின் ஆலோசகர். ஆள் குள்ளம், வாய் நீளம்.

"பிள்ளைகள் கெட்டியில்லை அரசே, பரீட்சைதான் நோஞ்சான்! பள்ளிக்கூடங்களுக்குப் பரீட்சை விற்பது இரண்டே கடை. மாசிலாமணி கடையில் பரீட்சை வாங்கினாலும் பாஸ், நீலமேகம் கடையில் வாங்கினாலும் பாஸ். எது சுலபமோ அங்கேதான் பள்ளிக்கூடங்கள் ஓடுகின்றன. கேள்விகள் இளைத்துத் துரும்பாகிவிட்டன!"

அங்கேயே நின்ற மாசிலாமணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வராதா பின்னே? அவர் பரீட்சையில் பாஸான பத்துப் பேரைக் காவலுக்கு வைத்து, அவர்கள் கையில்தான் வெள்ளிக்கிழமை கோட்டைச் சாவியையே ராஜா ஒப்படைக்கப்போகிறார். அது மட்டும் நடந்துவிட்டால், நீலமேகம் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்!

"பொறாமை அரசே! என் பரீட்சையை இவரே எழுதிப் பார்க்கட்டுமே!" என்று குதித்தார்.

"சரிதான்," என்றார் ராஜா. "மிளகுப்பிள்ளை, நாளைக்கு இவருடைய அடுத்த பரீட்சை நடக்கிறது. ஒரு கேள்விக்கும் பதில் எழுதாமல் பாஸ் பண்ணிக் காட்டு. முடியாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு நாட்டை விட்டே போய்விடு!"

மாசிலாமணி உள்ளுக்குள் துள்ளினார். விடைத்தாளில் பேர் இருக்காது, எண்தான் இருக்கும். இருந்தால் என்ன? வெறும் தாளைக் கண்டுபிடிக்கத் தெரியாதா? முட்டை போட்டு ஆளை அனுப்பிவிடலாம்!

மறுநாள் கேள்வித்தாள் வந்தது. 'ஆட்டுக்கு எத்தனை கால்? நான்கு என்று எழுதுக.'

அடக் கண்றாவியே! மிளகுப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். கேள்விகள் பக்கமே போகவில்லை. தாளின் நடுவில் ஒரே ஒரு வரி எழுதினார், கொடுத்தார், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினார்.

வியாழக்கிழமை சபை கூடியது. திருத்திய தாள்களோடு வந்தார் மாசிலாமணி.

"எல்லாரும் பாஸ் அரசே! வெறும் தாள் ஒன்றுகூட வரவில்லை. பாவம், மிளகுப்பிள்ளை பயந்துபோய் எழுதவே வரவில்லை போலிருக்கிறது!"

"வந்தேனே! என் எண் முந்நூற்றிரண்டு," என்றார் மிளகுப்பிள்ளை.

ராஜா அந்தத் தாளை உருவினார். நூற்றுக்கு நூறு! கீழே 'அபாரம்' என்று பாராட்டு வேறு! அந்த ஒற்றை வரியை உரக்கப் படித்தார்:

'நான் கோட்டை விட்டால், அப்பா தம்முடைய நாற்பது பள்ளிக்கூடங்களையும் நீலமேகம் கடைக்கு மாற்றிவிடுவார்.'

சபை கொல்லென்று சிரித்தது. மாசிலாமணிக்கு வேர்த்துக் கொட்டியது.

"என்னய்யா இது?" என்று உறுமினார் ராஜா.

"வியாபாரம் அரசே! ஒரு பையனைக் கோட்டை விட வைத்தால் ஒரு பள்ளிக்கூடமே கைநழுவிப் போய்விடும். அதனால்தான்... என் கடையில் இதுவரை ஒரு பிள்ளைகூடக் கோட்டை விட்டதில்லை!"

"அட, கவலையை விடுங்கள் ஐயா!" என்றார் மிளகுப்பிள்ளை. "நாளைக்குச் சாவி கைக்கு வரட்டும். பத்துப் பேருமாகச் சேர்ந்து கோட்டையையே விட்டுவிடுவார்கள்!"

ராஜா சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டார். அப்புறம்தான் சிரித்தார்.