சேர்மன் கையைப் பிடிச்ச ஆவுடை

கேளு கதைய. எங்க டவுன் முதியோர் இல்லத்துல ஆவுடைன்னு ஒருத்தி வேலை பாத்தா. பதினாலு பேருக்கு அவ ஒருத்திதான். அவங்களுக்கு இருந்த ஒரே சந்தோஷம், சாயங்காலம் எதுத்த டீக்கடைக்கு நடந்து போறது.

ஒருநாள் நகராட்சி சேர்மன் சங்கரபாண்டியன் புது சுற்றறிக்கையோட வந்து, நடுக்கூடத்துல நின்னு கணீர்னு படிச்சாரு. "அறுபது வயது நிறைந்தவர் எவரும் பணியாளர் கையைப் பிடிக்காமல் இவ்விடுதி வாசலைத் தாண்டக் கூடாது. மீறினால் லைசென்ஸ் ரத்து!"

"ஐயா, எனக்கு இருக்கிறது ரெண்டு கை. பதினாலு பேரு எப்படி டீ குடிக்கப் போவாங்க?"

"போக வேண்டாம், உள்ளேயே கிடக்கட்டும். சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்!"

ஆவுடை சரின்னு தலையாட்டினா. சேர்மன் துண்டை உதறிக்கிட்டு வாசலுக்குக் கிளம்பினாரு. இவ ஓடிப்போய் அவரோட இடது கையைக் கெட்டியாப் பிடிச்சா.

"ஏய், என்ன இது?"

"மெதுவா வாங்கய்யா, படி இருக்கு. போன மாசந்தானே உங்களுக்கு அறுபதாங்கல்யாணம்? ஊரே வந்து சாப்பிட்டோமே!"

ஆமா, நானுந்தான் போனேன். பாயசத்துல ஒரு முந்திரி கிடையாது, அதை விடு.

டீக்கடைக் கூட்டம் மொத்தமும் எட்டிப் பாக்குது. "கையை விடும்மா!"ன்னு பல்லைக் கடிச்சாரு.

"விட்டா லைசென்ஸ் போயிடும்யா. ஜீப் வரைக்கும் பத்திரமா கொண்டுபோய் விடுறேன்."

சேர்மன் பேனாவை எடுத்தாரு. 'அறுபது வயது நிறைந்தவர்'ங்கிறதை அடிச்சிட்டு, 'நடக்கச் சிரமப்படுபவர்'னு எழுதிக் கையெழுத்தும் போட்டாரு. என்ன தில்லு பாரு அவளுக்கு, மை காயுற வரைக்கும் கையை விடலையே! அதுக்குள்ள பதினாலு பேரும் சேர்மனுக்கு முன்னாடியே வாசலைத் தாண்டிட்டாங்க.