லேப்டாப்பார் பார்த்த ஒரு நாள் உத்தியோகம்

இந்தக் கதையை நான் எங்கும் படித்ததில்லை. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் என் முறைக்காகக் காத்திருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் சொன்னது. அவருக்கும் யாரோ சொன்னார்களாம். அதனால் ஊருக்கும் பெயருக்கும் நான் பொறுப்பில்லை. அரசர் காலத்தில் லேப்டாப் எப்படி வந்தது, அரண்மனையில் கரண்ட் ஏது என்று கேட்டுப் பார்த்தேன். "தம்பி, உனக்குக் கதை வேணுமா, கரண்ட் வேணுமா?" என்றார். கதை என்றேன்.

மேலைக்குன்றத்தை ஆண்டவர் சிங்கமுத்துராயர். அவர் சபையில் செவ்வந்தியப்பன் என்று ஓர் ஆலோசகர். எதைக் காட்டினாலும் அதில் உள்ள நல்லது, கெட்டது இரண்டையும் சொல்லிவிடுவார். அரசருக்கு அவரைப் பிடிக்கும். அரசியின் தம்பி வீரபாகுவுக்குப் பிடிக்காது.

ஒரு நாள் வீரபாகு, கடல் கடந்து வந்த வியாபாரியிடமிருந்து ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து அரசர் முன் வைத்தார்.

"அத்தான், இது சாதாரண ரகம் இல்லை. படம் பார்க்க, பாட்டுக் கேட்க, எடுத்த படத்தை வெட்டி ஒட்ட என்றே செய்தது. சந்தேகம் கேட்டால் பதிலும் சொல்லும். வீடு கேட்காது, வேட்டி கேட்காது. செவ்வந்தியப்பனை அனுப்பிவிட்டு இதை ஆலோசகராக வைத்துக்கொள்ளுங்கள்."

அரசர் திரையில் ஒரு மயிலைப் பார்த்தார். தோகையில் ஒவ்வோர் இழையும் தெரிந்தது. வாயைப் பிளந்தார்.

"செவ்வந்தியப்பா, நீயே சொல். இதில் நிறை அதிகமா, குறை அதிகமா? சரியாகச் சொல்லாவிட்டால் அரண்மனை கொடுத்த வீட்டைக் காலி செய்துவிடு."

குறை என்றால் பொறாமை என்பார்கள். நிறை என்றால் வேலை போய்விடும். செவ்வந்தியப்பன் கைகட்டி நின்றார்.

"மகாராஜா, நம் அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டே. உத்தியோகம் கேட்டு வருகிறவர் ஒரு நாள் முழுக்க அரசர் கூடவே இருக்க வேண்டும். போகும் இடமெல்லாம் வர வேண்டும், சொல்லும் வேலையெல்லாம் செய்ய வேண்டும். இவருக்கும் அப்படியே நடக்கட்டும். மாலையில் சொல்கிறேன்."

"இவரா?"

"ஆலோசகர் ஆகப்போகிறவரை அது, இது என்று சொல்லலாமா?"

மறுநாள் காலை லேப்டாப்பார் வேலையில் சேர்ந்தார். முதல் வேலை, விடியலுக்கான பூபாள ராகம் வாசிப்பது. வீணையின் நரம்பு அதிர்வதுகூடக் கூடத்தின் கடைசித் தூண்வரை கேட்டது. சமையல்காரர்கள் கரண்டியோடு வந்து நின்றார்கள். செவ்வந்தியப்பனுக்கே கண் கலங்கிவிட்டது.

"எப்படி?" என்றார் வீரபாகு.

"அருமை. பொய் சொல்ல மாட்டேன்" என்றார் செவ்வந்தியப்பன். மனதுக்குள் வீட்டுச் சாமான்களை மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார்.

அடுத்து ஏரிக்கரை. கரை உடைந்த இடத்தைப் படத்தில் காட்டச் சொன்னார் அரசர். நல்ல வெயில். திரையைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"ஏரியைக் காணோமே! ஒரு மீசைதான் தெரிகிறது."

"அது தங்கள் மீசைதான், மகாராஜா."

"வெயிலில் அப்படித்தான் அத்தான். குடை பிடித்தால் சரியாகிவிடும்" என்றார் வீரபாகு.

குடை வந்தது. போதவில்லை. போர்வை வந்தது. அரசர் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு ஏரியைப் பார்த்தார். அரசர் ஆவி பிடிக்கிறார் என்று நினைத்து, கரையில் நின்ற சனங்கள், "மகாராஜாவுக்கு ஜலதோஷமா?" என்று விசாரித்தார்கள்.

மதியத்துக்குமேல் சபை கூடியது. மாட்டைக் காணோம் என்று ஒருவர் முறையிட வந்திருந்தார். அவர் பேசப் பேச, அரசர் லேப்டாப்பாரை மடியில் வைத்து, பட்டாபிஷேக ஊர்வலப் படங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்க்கச் சொன்னார். படங்கள் மளமளவென்று சேர்ந்தன. உள்ளே விசிறி இரையத் தொடங்கியது. திடீரென்று அரசர், "ஐயோ, தொடை!" என்று எழுந்துவிட்டார். அரசர் எழுந்தால் சபையும் எழ வேண்டும். எழுந்தது. அரசர் உட்கார்ந்தார். சபையும் உட்கார்ந்தது. மறுபடி சுட்டது. மறுபடி சபை எழுந்தது. மூத்த அமைச்சர் இனி நின்றுகொண்டே இருப்பதாக முடிவு செய்துவிட்டார்.

"சரி, இந்த மாட்டு வழக்குக்கு என்ன செய்யலாம்?" என்று அரசர் கேட்டார். திரை இருண்டிருந்தது.

"பசி அத்தான், வேறொன்றும் இல்லை. சார்ஜர் வரட்டும்!"

ஒரு சிப்பாய் செங்கல் போன்ற ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஒயர் சுவரை எட்டவில்லை. சிம்மாசனத்தைச் சுவரோரம் தள்ளினார்கள். மாட்டுக்காரர் அங்கே போய் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

மாலை வந்தது. "இப்போது சொல். நிறையா, குறையா?" என்றார் அரசர், தொடையைத் தடவிக்கொண்டே.

"நிறை இல்லாமல் என்ன, மகாராஜா! பார்க்க லட்சணம். குரலோ தேன். நிழலில் உட்கார வைத்துப் பொழுதுபோக்கினால் இவரைப் போல் ஒருவர் கிடையாது. ஆனால் வெயிலில் முகம் கொடுக்க மாட்டார். வேலை சொன்னால் சூடாகிப் பெருமூச்சு விடுவார். மதியத்துக்குமேல் கண்ணை மூடிக்கொள்வார். அவருக்கு வேண்டியதைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆள் பின்னாலேயே வர வேண்டும்."

"அப்படியென்றால் உத்தியோகம் தரக் கூடாதா?"

"தாராளமாகத் தரலாம், மகாராஜா. இடம்தான் காலி இல்லை."

"ஏன்?"

செவ்வந்தியப்பன் சுவர்ப் பக்கம் மெல்லத் திரும்பிப் பார்த்தார். சபையும் திரும்பியது. சார்ஜருக்கு உத்தரவு போட்ட களைப்பில் வீரபாகு சுவரில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். விசிற ஒருவர், வெற்றிலைப் பெட்டியோடு ஒருவர், இருவரும் பக்கத்தில் நின்றார்கள்.

அரசர் சிரித்த சிரிப்பில் வீரபாகு விழித்துக்கொண்டார். "என்ன அத்தான், மாடு கிடைத்துவிட்டதா?" என்றார்.

லேப்டாப்பார் அரசியின் இசைக்கூடத்துக்குப் போனார். அங்கே நிழலும் உண்டு, சுவரும் பக்கம். செவ்வந்தியப்பன் வீடு அவருக்கே நிலைத்தது. கழுத்தில் ஒரு முத்துமாலையும் விழுந்தது.

இதில் எவ்வளவு நிஜம் என்று எனக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் பிறகு கடையில் கேட்டுப் பார்த்தேன். நான் பார்த்த லேப்டாப்பின் பெட்டிமேல் எழுதியிருந்த எடையில் சார்ஜர் சேரவில்லையாம்.