மைனா காத்த ராஜாளி முட்டை

வேங்கை மரத்து உச்சியில் ஒரு ராஜாளி ஜோடி கூடு கட்டியிருந்தது. அந்த மலையில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு ஜோடிதான். வருஷத்துக்கு அவை இடுவதும் ஒரே ஒரு முட்டைதான். கீழே பொந்தில் ஒரு மைனா குஞ்சுகளோடு குடியிருந்தது. மேலே ராஜாளி இருந்ததால் அந்த மரத்தில் பாம்பு ஏறாது.

"தங்கச்சி, அவர் இரை தேடப் போயிருக்கிறார். நான் முட்டையை விட்டு நகர முடியாது. யாரும் வராமல் பார்த்துக்கொள்," என்றது பெண் ராஜாளி.

மைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. ராஜாளி வீட்டுக்கே காவல்! இதை நாலு பேரிடம் சொல்லாமல் அதற்கு இரை இறங்குமா? கருங்குரங்கிடம் சொன்னது. குரங்கு காடு முழுக்கச் சொன்னது.

விடிந்ததும் மரத்தில் திருவிழாக் கூட்டம். குரங்குகள் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தன. மலையணில்கள் குடும்பத்தோடு ஏறின. "தள்ளாதீர்கள், வரிசையாக வாருங்கள்," என்று மைனா அதிகாரம் பண்ணியது.

"நம் காட்டுக்கே பெருமை! நல்லபடியாகப் பொரியட்டும்," என்றது கருங்குரங்கு. கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை, பாவம்.

ஒவ்வொரு தலை எட்டிப் பார்த்தபோதும் ராஜாளி பதறி எழுந்து பறந்தது. "கூட்டத்தைக் கலைத்துவிடு, தங்கச்சி. முட்டை ஆறிவிடும்."

"ஆசையாக வந்தவர்களை எப்படி அக்கா விரட்டுவது? இதோ, இவர் மட்டும்."

அந்த 'இவர் மட்டும்' சாயங்காலம் வரை முடியவில்லை. மலைக்காற்று வேறு சில்லென்று வீசியது. முட்டை கூமுட்டையாகிப் போனது. ராஜாளி திட்டவில்லை. சில நாள் வீணாக அடைகாத்துப் பார்த்தது. பிறகு இரண்டும் ஜோடியாக மலைக்கு அப்பால் போய்விட்டன.

உச்சி காலியானதும் பாம்பு மரம் ஏறியது. மைனாவுக்கு ஒரு குஞ்சுதான் மிஞ்சியது. மைனா அழுத அழுகையைக் கேட்க மேலே யாரும் இல்லை.

அடுத்த வருஷம் ஒரு காலையில் பொந்து வாசலில் மேலேயிருந்து பச்சைக் குச்சி ஒன்று விழுந்தது. மைனா அண்ணாந்து பார்த்தது. ராஜாளிகள் திரும்பி வந்திருந்தன.

கருங்குரங்கு வந்து கேட்டது: "என்ன தங்கச்சி, மேலே ஆள் நடமாட்டம் போலிருக்கிறதே?"

"காற்றுக்குக் கிளை ஆடுகிறது, மாமா. ஓடைப் பக்கம் நாவல் பழுத்துக் கொட்டுகிறதாமே, நீங்கள் போகவில்லையா?"

குரங்கு ஒரே ஓட்டமாக ஓடியது.

அந்த வருஷம் கூட்டில் குஞ்சு பொரித்துக் கத்தியது. காடெல்லாம் பறந்து போய்ச் சொல்ல மைனாவுக்கு நாக்கு துடித்தது. ஆனாலும் அது பொந்துக்குள் தலையை இழுத்துக்கொண்டு பேசாமல் இருந்தது.

அரிய உயிரைக் காக்க நினைப்பவர், அதைச் சுற்றிக் கூட்டம் சேர்க்காமல் விலகி நின்று விட்டாலே பாதிக் காவல் முடிந்த மாதிரி.