அமைச்சரும் நான்கு மைக்கும்

கல்வி அமைச்சர் கோமதிநாயகிக்குச் சில நாளாகச் சரியான தூக்கமில்லை.

ஒரு பள்ளிக்கு ஆய்வுக்குப் போயிருந்தார். அமைச்சர் வருகிறார் என்றால் சும்மாவா? சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு, வாசலில் கோலம், பின்னாலேயே சேனல்காரர்கள். ஐந்தாம் வகுப்பு இசக்கியை எழுப்பி, "எங்கே, வாசி பார்ப்போம்" என்றார். முகத்துக்கு முன்னால் மைக்குகள். பிள்ளைக்குக் குரலே வரவில்லை.

"வீட்டுலயாவது பேசுவியா கண்ணு?" என்று அமைச்சர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்தச் சிரிப்பு ஊர் முழுக்கச் செல்போனில் ஓடியது. அதற்குப் பிறகு இசக்கி பள்ளிக்கூடம் பக்கமே போகவில்லை.

இப்போது அவள் வீட்டுக்குத்தான் பயணம். புதுப் பை, இனிப்பு, நான்கு சேனல். வழியில் தன் குருவின் ஆசிரமத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார்; சேனல்காரர்களும் பின்னாலேயே உள்ளே வந்தார்கள். குரு செண்பகம் அமைச்சரைவிட வயதில் சிறியவர். ஆனாலும் அங்கே வருகிற எல்லாருக்கும் அவர் அக்காதான்.

"அக்கா, அந்தப் பிள்ளை திரும்பப் பள்ளிக்கூடம் வரணும். நான் என்ன சொன்னா வருவா?"

குரு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எட்டாம் வாய்ப்பாடு சொல்லு."

"அக்கா, நான் கணக்குல எம்.எஸ்ஸி."

"ரொம்ப நல்லதாப் போச்சு. தம்பிகளா, மைக்கைக் கிட்டக் கொண்டாங்க."

நான்கு மைக்கும் அமைச்சரின் மோவாயை இடித்தன.

"ஓரெட்டு எட்டு... ஈரெட்டு பதினாறு..." ஆறெட்டு வரை வந்தார். "ஏழெட்டு... ஏழெட்டு..."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "இது லைவ் இல்லையே?" என்று உதவியாளர் பதறினார்.

"வாசல்ல மோர் இருக்கு. எல்லாரும் போய்க் குடிங்க" என்றார் குரு. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "இப்போ சொல்லு."

அமைச்சர் கடகடவென்று கடைசி வரை சொல்லி முடித்தார்.

குரு அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

அமைச்சர் எழுந்து வெளியே வந்தார். "யாரும் என்கூட வரவேண்டாம்."

"அம்மா, அப்போ செய்தி?" என்றார் உதவியாளர்.

"கிடையாது."

"அந்தப் பள்ளிக்கூட வீடியோவுக்குப் பதில் சொல்ல வேண்டாமா? எதிர்க்கட்சிக்காரங்க கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்கம்மா."

"தொங்கட்டும்."

சாயங்காலம் திரும்பி வந்தார். சேலையெல்லாம் புழுதி, முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, நாளைக்குப் போறேன்னு சொல்லிட்டா! முதல்ல கதவே திறக்கலை. உள்ள இருந்தபடியே 'மைக் இருக்கா?'ன்னா. இல்லைன்னேன். நம்பலையே! ஜன்னல் வழியாப் பார்த்துட்டுத்தான் தாழ்ப்பாளை எடுத்தா. அப்புறம் அவளாவே புத்தகத்தைக் கொண்டுவந்து நரிக்கதை வாசிச்சா. ஒரு திக்கல் கிடையாது. நடுவுல ஊளை வேற!"

குரு சிரித்துவிட்டார். "நீ என்ன சொன்ன?"

"மன்னிச்சிடு கண்ணுன்னேன். அதுக்கு மேல ஒண்ணும் வரலை." அமைச்சர் குரலைத் தாழ்த்தினார். "அதுதான் உறுத்துது. ஒரு அறிவிப்பு இல்லை, ஒரு திட்டம் இல்லை. அமைச்சரா அங்க ஒரு வேலையும் பார்க்கலையே அக்கா. தரையில உட்கார்ந்து, ஒரு பிள்ளை வாசிக்கிறதைக் கேட்டேன். அவ்வளவுதான்."

"அதுதானே உன் இலாகா" என்றார் குரு.